முடுக்கில் விழுந்த ஒளிக்கீற்று

கவிதை எழுதிக்கொண்டு வந்து, "சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் இளைஞர்களை நாம் நெடுநாளாக அறிவோம். கட்டுரை கொண்டுவருவோரும் உண்டு. நிழற்படம் ஒன்றை அனுப்பி அதன் நிறைகுறை கேட்டவர், அண்மையில் நமக்கு மடல் எழுதிய ஓர் இளைஞரே. அயல்நாட்டில் பணியாற்றும் அவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது காயல்பட்டினத்து முடுக்கு ஒன்றில் நள்ளிரவு கடந்த வேளையில் எடுத்த படம் அது. முடுக்கு என்பது, நம் மகளிர் பெருந்தெருவைத் தவிர்த்து உற்றார் வீடுகளுக்குச் சென்றுவரப் பயன்படும் குறுஞ்சந்து என்பதை நம் வாசகர் அறிவர்.

படத்துக்கு 'தனிமை' என்று பெயர் சூட்டியிருந்தார். மடலில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, "குறைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோள். மற்றொன்று, "இடப்பக்கம் தரையில் ஒரு வெளிச்சக் கீற்று விழுந்து படத்தைக் கெடுக்கிறது. அதை அழிக்க முயன்றேன், சரியாக வரவில்லை. எப்படி அழிக்கலாம்?" என்ற கேள்வி. வண்ணத்தில் எடுத்த மூலப் படத்தையும், பின்னர் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தாம் செப்பனிட்ட படத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். இரண்டையும் தாளில் அச்சிட்டு வாங்கி, சில நாட்கள் மேசைமேல் வைத்துப் பார்த்தோம்.

நிழற்படக் கலையில் நாம் தேர்ந்தவர் அல்லர். அரபுச் செய்யுளும் தமிழ்ச் செய்யுளும் கற்பித்து வந்தவர். எனினும், ஒரு படைப்பின் முன்னே நின்று 'இதில் செம்மை எது, செம்மையற்றது எது' என்று பிரித்தறியும் முறை எல்லாக் கலைகளுக்கும் பொது. அந்த முறையைக் கொண்டே இப்படத்தை அணுகினோம். நாம் அவருக்கு எழுதியதன் சாரத்தை இங்கே தருவதற்குக் காரணம், இப்படம் மட்டுமன்று. நம் இல்லங்களில் இன்று படம் எடுக்காத பிள்ளை இல்லை. அப்பிள்ளை அதைக் கொண்டுவந்து நீட்டும்போது என்ன சொல்வது என்று நாம் சிந்திப்பதும் இல்லை.

மார்க்கச் சட்டத்தை முன்வைத்து எழக்கூடிய வினா ஒன்றுக்கு முதலிலேயே விடை கூறிவிடுவோம். 1914-ஆம் ஆண்டு எகிப்தின் முஃப்தியாக அமர்ந்த அல்லாமா முஹம்மத் பகீத் அல்முத்தீஈ (ரஹ்) அவர்கள், நிழற்படம் என்பது படைத்தல் அன்று, நிழலைத் தடுத்து நிறுத்துதலே என்று கூறி அதை ஆகுமாக்கித் தனி நூலே எழுதினார்கள். நம் துணைக்கண்டத்து உலமாக்களுள் பலர் உயிரினங்களின் படத்தைப் பொறுத்தவரை அதை ஏற்கவில்லை. நம் முன் இருக்கும் படத்திலோ உயிரினம் எதுவும் இல்லை. சுவரும் தரையும் விளக்குமே இருக்கின்றன. ஆகவே அந்த விவாதம் இங்கே எழவில்லை.

இரண்டு வகை விடைகள்

இப்படத்தை ஏற்கெனவே பலருக்குக் காட்டியதாகவும் அவர் எழுதியிருந்தார். நண்பர்கள் 'அருமை' என்றனர். உறவினர் 'மாஷா அல்லாஹ்' என்றனர். கலை அறிந்தவர் என்று அவர் மதித்த ஒருவர், "வெறும் இருட்டு. இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

இவ்விரு வகை விடைகளும் ஒன்றற்கொன்று எதிரானவை போலத் தோன்றும். உண்மையில் அவை ஒரே இனத்தவை. இரண்டும் படத்தைப் பார்க்காமலே சொல்லத்தக்கவை. 'அருமை' என்ற சொல்லை எந்தப் படத்தின் கீழும் எழுதலாம். 'வெறும் இருட்டு' என்பதை எந்த இரவுப் படத்தின் கீழும் எழுதலாம். அந்த இளைஞர் மறுநாள் அதே முடுக்குக்குப் போய் நின்றால், இவ்விரண்டில் எதைக் கொண்டும் தம் கருவியை ஓர் அங்குலம்கூட நகர்த்த இயலாது.

திறனாய்வுக்கு அரபியில் வழங்கும் சொல் 'நக்து'. அச்சொல்லின் தொடக்கப் பொருள் நாணயம் தேர்தல். வெள்ளிக்காசுகளை விரலால் சுண்டி, ஓசை கேட்டு, நல்லதையும் கள்ளக் காசையும் வேறு வேறாக்கும் வணிகரின் தொழிலே அது. அத்தொழிலைச் செய்பவன் காசைக் கையில் எடுத்தாக வேண்டும். எடுக்காமலே 'எல்லாம் நல்ல காசு' என்பவனும், எடுக்காமலே 'எல்லாம் கள்ளக் காசு' என்பவனும் தம்மை நம்பி வந்தவனை ஏமாற்றுகின்றனர். ஒருவர் தம் படைப்பை நம் கையில் தருவது அமானத் ஆகும். அதைப் பாராமல் திருப்பித் தருவது, இனிய சொல்லோடு தந்தாலும் கடுஞ்சொல்லோடு தந்தாலும், அமானத்தைப் பாழாக்குவதே.

நாம் செய்த பிழை

இதைப் பிறருக்குச் சொல்லும் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், வெண்பாவில் இரங்கற்பா ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். தளை தட்டிய இடங்கள் பல. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் விதியை எழுதி, அன்று மாலையே திருப்பித் தந்தோம். நாம் சுழித்தவற்றுள் தவறாகச் சுழித்தது ஒன்றும் இல்லை. கடமையைச் செவ்வனே செய்தோம் என்ற நிறைவும் நமக்கு இருந்தது.

அதன்பின் அம்மாணவர் நம்மிடம் எதையும் கொண்டுவரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சொந்தமாகக் கடை நடத்திவந்த அவரை ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது, "இப்போதும் எழுதுகிறீர்களா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஹஜ்ரத், நீங்கள் திருத்தியதெல்லாம் சரிதான். ஆனால் அது என் வாப்பா மவுத்தானதைப் பற்றி எழுதியது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தளையைப் பார்த்த நாம், அந்தப் பிள்ளை யாரைப் பாடினான் என்பதைப் பார்க்கவில்லை. வெண்பாவைத் தேர்ந்து பார்த்தோம், ஆனால் அதைக் கொண்டுவந்த கையைப் பார்க்காமல் விட்டோம்.

ஆகவே, முடுக்குப் படம் வந்தபோது நாம் நமக்கே ஒரு விதி வகுத்துக்கொண்டோம். முதலில், இவர் எதைக் காட்ட விரும்பினார் என்று அறிவது. இரண்டாவதாக, அதில் எது நிறைவேறியிருக்கிறது என்று கூறுவது. மூன்றாவதாக, நிறைவேறாததற்குக் காரணமும், மறுமுறை கையால் செய்யத்தக்க வழியும் காட்டுவது. வழி காட்ட இயலாத குறையைக் கூறாதிருப்பது.

உக்காள் சந்தையில் ஒரு வழக்கு

இரவையும் ஒளியையும் பற்றிய பழைய வழக்கு ஒன்று அரபு இலக்கிய ஏடுகளில் உண்டு. இப்படத்தைப் பார்க்கையில் அதுவே நம் நினைவுக்கு வந்தது. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் உக்காள் சந்தையில் நாபிகா என்னும் முதுபெரும் கவிஞருக்குச் செந்தோல் கூடாரம் அமைப்பர். இளங்கவிஞர் அங்கே சென்று தம் பாக்களை அரங்கேற்றுவர். பிற்காலத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞராக விளங்கிய ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் அங்கே பாடினார்கள். தம் குலத்தாரின் விருந்தோம்பலைப் புகழ்கையில், அவர்களின் உணவுக் கலங்கள் முற்பகல் வெயிலில் மின்னுவதாகக் கூறியிருந்தார்கள். அப்பாடலில் குறை கண்டவர், முற்பகலுக்கு மாறாக இருட்டில் மின்னுவதாகப் பாடியிருக்க வேண்டும், விருந்தினர் மிகுதியாக வருவது இரவில் அன்றோ என்றார். இக்கூற்றைச் சில ஏடுகள் நாபிகாவின் வாயிலும், சில ஏடுகள் பெண்பாற்புலவர் கன்ஸாவின் வாயிலும் வைக்கின்றன.

வழக்கு அங்கே முடியவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் மறைந்த குதாமா இப்னு ஜஅஃபர், 'நக்துஷ் ஷிஅர்' என்னும் தம் திறனாய்வு நூலில் ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்காக வாதாடினார். பகலில் மின்ன வேண்டுமானால் ஒரு பொருளுக்கு மிகுந்த ஒளி வேண்டும், இரவிலோ சிறிதளவு ஒளியுள்ளதும் மின்னிவிடும், ஆகவே பகலில் மின்னுவதே பெரும் புகழ் என்பது அவர் வாதம்.

யார் பக்கம் நீதி என்பது இங்கே நம் வினா அன்று. இவ்வழக்கில் இரண்டு படிப்பினைகள் உள. ஒன்று, அவர்கள் 'நன்று', 'தீது' என்று கூறிக் கலையவில்லை. ஒரு சொல்லை எடுத்து, அதன் இடத்தில் வேறொரு சொல்லை வைத்துப் பார்த்தனர். அதுவே பயன்தரும் குறைகூறல். மற்றொன்று, குதாமா கண்ட உண்மை. இரவில் சிற்றொளியும் மின்னும் என்பது, கவிஞனைவிட இரவில் படம் எடுப்பவன் உள்ளத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய உண்மையாகும்.

படத்துக்கு வருவோம்

முதலில் நிறைகள். இரு மருங்கும் உயர்ந்த சுவர்கள். நடுவே இரண்டு முழத்துக்கு மிகாத தரை. மழை ஓய்ந்த இரவாகையால் தரை ஈரமாக இருக்கிறது. முடுக்கின் கோடியில் ஒரு தெருவிளக்கு. சுவர்கள் இரண்டும் அவ்விளக்கை நோக்கிக் குறுகிச் செல்வதால், பார்ப்பவர் கண் தானாகவே படத்தின் ஆழத்துக்குள் நடந்துபோகிறது. கருவியை இடுப்பளவுக்குத் தாழ்த்தி வைத்து எடுத்திருக்கிறார். அதனால் ஈரத்தரை விரிந்து, ஒளியை ஏந்தும் தாம்பாளம் போல் அமைந்துவிட்டது. மழைக்குப் பிந்திய வேளையைத் தேர்ந்ததும் நற்றேர்வு. பாரிஸ் நகரின் இரவுகளை 1930-களில் படமெடுத்துப் புகழ்பெற்ற பிராசாய் என்பவரும் மழையையும் மூடுபனியையும் இவ்வாறே நாடினார். முதல் முயற்சியிலேயே இவையனைத்தும் அமைந்தது சிறிய செய்தியன்று. இவற்றை அவர் அறிந்து செய்தாரோ, தற்செயலாய் அமைந்தனவோ, நாம் எடுத்துச் சொன்னால் மறுமுறை அறிந்தே செய்வார்.

இனிக் குறைகள். மூன்றைக் கூறுவோம்.

முதற்குறை விளக்கு. கோடியில் உள்ள தெருவிளக்கு வெறும் வெள்ளைத் திட்டாக வெந்துபோயிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சுவரின் கல்லும் காரையும் தெரியவில்லை. இதன் காரணத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் பெருநூலில், வல்லொளி மெல்லொளியை மறைக்கும் என்பதைப் பல சான்றுகளால் விளக்குகிறார்கள். பகலில் விண்மீன்கள் தெரிவதில்லை. இரவில் எரியும் நெருப்பை எதிர்நோக்கி நிற்பவனுக்கு, அதன் அப்புறத்தில் மங்கிய ஒளியில் உள்ள பொருள்கள் புலப்படுவதில்லை. அந்நெருப்பை மறைத்துவிட்டால் அவை புலப்படுகின்றன.

இவ்வளவே வழி: நெருப்பை மறைக்க வேண்டும். இரண்டடி வலப்புறம் நகர்ந்து நின்றிருந்தால், சுவரின் புடைப்பு ஒன்று விளக்கை மறைத்திருக்கும். அதன் ஒளி மட்டும் தரையில் பரவி வந்திருக்கும். பிராசாயும் விளக்கை ஒரு மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் ஒளித்து, அதன் ஒளியை மட்டும் படத்துக்குள் அழைத்தவரே. விளக்கும் படத்தில் இருந்தே ஆக வேண்டுமானால், கருவியை முக்காலியில் அசையாது நிறுத்தி, ஒரே காட்சியை 8 விநாடி, 2 விநாடி, அரை விநாடி என மூன்று அளவில் எடுக்கட்டும். ஒவ்வொன்றும் முன்னதில் நான்கில் ஒரு பங்கு. மூன்றையும் ஒப்பிட்டால், எந்த அளவில் விளக்கு தன் வடிவத்தை மீண்டும் பெறுகிறது என்பது கண்கூடாகும். படச்சுருள் காலத்தில் நிழலைக் கணக்கிட்டு ஒளியளவைக் குறித்தனர். இன்றைய மின்னணுக் கருவியில், ஒளி மிகுந்து வெளுத்துவிட்ட இடத்தை மீட்க வழியில்லை. இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம். ஆகவே இன்று விளக்கைக் கணக்கிட்டே எடுக்க வேண்டும்.

இரண்டாங்குறை இருள். செப்பனிட்ட படத்தில், நான்கு மூலைகளையும் அவர் வலிந்து கறுப்பாக்கியிருக்கிறார். சுவர்களின் மேற்பகுதியும் வானமும் ஒரே மைத்திட்டாகிவிட்டன. துயரம் வேண்டும் என்று இருளைக் கூட்டியிருக்கிறார். ஆனால் இருள் என்பது வேறு, ஒன்றும் இல்லாமை என்பது வேறு. அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் எடுத்த ஒரு படம் உலகப் புகழ்பெற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலா எழும் காட்சி. கரிய வானம், வெண்ணிலா, கீழே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள். பார்ப்பவர் அதை இரவுப் படம் என்றே கொள்வர். உண்மையில் அது 1941-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மாலை 5 மணிக்கும் முன்னர், கதிரவன் மறையுமுன் எடுத்தது. அந்த வானத்தை ஆடம்ஸ் ஆண்டுக்கு ஆண்டு அச்சிடுகையில் மேலும் மேலும் கருமையாக்கிவந்தார். ஆனால் ஊரையும் சிலுவைகளையும் அவர் கருமைக்கு இரையாக்கவில்லை. முன்னிலத்தில் தெளிவு போதாதென்று கண்டு, அதைக் கூட்டுவதற்கென்றே மூலப்படலத்தை மீண்டும் வேதியியல் முறையில் பக்குவப்படுத்தினார். கருமையாக்கத் தெரிவது பாதிக் கலை. எதைக் கருமையாக்கலாகாது என்று தெரிவது மறுபாதி.

இதற்கு நாம் கூறிய வழி, நம் தொழுகை நேரக் கணக்கிலேயே இருக்கிறது. கதிரவன் மறைந்தபின் மேல்வானில் தோன்றும் 'ஷஃபக்' என்னும் அந்தியொளியை நம் இமாம்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தனர்! ஷாஃபிஈ மத்ஹபில் செவ்வொளி மறைந்ததும் இஷா நேரம் தொடங்குகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ அதன்பின் தங்கும் வெண்மையும் மறைய வேண்டும் என்றார்கள். செம்மை, வெண்மை, பின் முழு இருள் என இரவு படிப்படியாக வருகிறது. அப்படிகளுக்கு இடையே வானம் கருநீலமாக இருக்கும் சில நிமிடங்களில் விளக்குகளும் எரியும், வானமும் உயிரோடிருக்கும், சுவரின் விளிம்பும் தெரியும். நம் ஊர்களில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்நேரம் நீளாது. கதிரவன் மறைந்த 20-ஆம் நிமிடம் முதல் 35-ஆம் நிமிடம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். மஃரிப் ஜமாஅத்தை முடித்து, சுன்னத்தும் தொழுதுவிட்டு வந்தாலே போதும்.

மூன்றாங்குறை நிறம் போக்கியது. துயரத்துக்கு நிறமில்லை என்று எண்ணி, வண்ணத்தை அகற்றிவிட்டார் போலும். மூலப் படத்தில் தெருவிளக்கின் ஒளி குளிர்ந்த வெண்மை. தரையில் விழுந்த அந்தக் கீற்றோ, வீட்டு விளக்கின் மஞ்சள். இரண்டும் வெவ்வேறு ஒளிகள் என்பதை ஒரு குழந்தையும் அறியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒன்றான பின்பே அந்தக் கீற்று அவருக்குக் குறையாகத் தோன்றியிருக்கிறது.

அந்தக் கீற்று

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். 'அதை எப்படி அழிக்கலாம்?'

படத்தை மேசைமேல் வைத்திருந்த நாட்களில், நம் கண் ஒவ்வொரு முறையும் முடுக்கின் கோடிவரை சென்று, திரும்பி வந்து, இடப்பக்கக் கீற்றில்தான் நின்றது. படத்தின் ஓரத்துக்கு அப்பால் ஏதோ ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. அதனூடே வந்த ஒளி, ஈரத்தரையில் ஒரு சாண் அகலத்துக்குப் படிந்திருக்கிறது. நள்ளிரவு கடந்த வேளை. முடுக்கில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்க, ஒரு கதவு மட்டும் சாத்தவில்லை. ஏன்?

இந்த 'ஏன்' என்பதே அப்படத்தின் உயிர். கோடியில் உள்ள தெருவிளக்கு ஊருக்குப் பொதுவானது. எவர் வந்தாலும் வராவிட்டாலும் எரிவது. இந்தக் கீற்று அப்படியன்று. யாரோ ஒருவருக்காக யாரோ ஒருவர் ஏற்றிவைத்தது. இரவில் சிற்றொளியும் மின்னும் என்ற குதாமாவின் சொல்லுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வல்லொளி மெல்லொளியை மறைக்கும் என்ற இப்னுல் ஹைஸமின் சொல்லுக்கும் இதுவே சான்று. பெரிய விளக்கில் மயங்கிய இளைஞர், சிறிய விளக்கைக் குப்பை என்று எண்ணி அழிக்கப் பார்த்தார்.

தமிழ்ப் பொருளிலக்கணமும் இதையே வேறு வகையில் கூறும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவை எவ்வளவு அழகாக அமைந்தாலும், உரிப்பொருள் இல்லையேல் பாட்டு இல்லை. இப்படத்தின் நிலம் நெய்தல். நெய்தலுக்கு உரியது இரங்கல். இவர் அதைத்தான் 'தனிமை' என்ற பெயரில் கொண்டுவர முயன்றார். ஆனால் அந்தக் கீற்று இரங்கலைச் சொல்லவில்லை. இருத்தலை, அதாவது ஆற்றியிருந்து காத்திருத்தலைச் சொல்கிறது. அது முல்லையின் உரிப்பொருள். முல்லைக்குரிய சிறுபொழுது மாலை. நாம் ஷஃபக்கைக் கொண்டு கூறிய அதே பொழுதையே பழந்தமிழ் இலக்கணமும் காத்திருப்போருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. திணைகள் மயங்கலாம் என்பதும் தொல்காப்பியம் ஒப்புக்கொண்டதே. கடலோர ஊரில் முல்லை நிகழக்கூடாதா? கொழும்புக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் ஆண்மக்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தாமல் இருந்த ஊர்கள் அன்றோ நம் கடற்கரை ஊர்கள்!

ஆகவே அவருக்கு இவ்வாறு எழுதினோம்: "தம்பி, அந்தக் கீற்றை அழிக்க வேண்டாம். கருவியை இடப்புறம் திருப்புங்கள். நீங்கள் தேடிய படம் நீங்கள் வெட்டி எறிந்த ஓரத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்று. அது ஒருவர் வீட்டு வாசல். பிறர் இல்லத்தினுள் நுழைய அனுமதி கேட்பதை சூரத்துந் நூர் நமக்கு விதித்திருக்கிறது. அவ்விதி பார்வையின் பொருட்டே என்பதை நபிமொழி தெளிவாக்குகிறது. கருவியின் கண்ணும் கண்ணே. முடுக்கு நம் பெண்மக்களின் வழி. ஆகவே அவ்வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் மனமுவந்து இசைந்தால் மட்டும் எடுங்கள். இசையாவிட்டால், அந்தப் படம் உங்கள் உள்ளத்தில் இருக்கட்டும். எடுக்காமல் விட்ட படமும் ஒரு படப்பிடிப்பாளனை வளர்க்கும்."

மறுமொழி

பத்து நாட்களில் அவரிடமிருந்து மறுமொழி வந்தது. விளக்கை மறைப்பது பற்றியும், மூன்று அளவில் எடுப்பது பற்றியும் இரண்டொரு ஐயங்கள் கேட்டிருந்தார். கடைசியில் இரண்டு வரிகள்: "அந்த வீட்டாரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் வீடு. நான் வெளியே போனால் திரும்பும்வரை உம்மா கதவைச் சாத்துவதில்லை. நான் அதை நினைக்கவே இல்லை."

இதைப் படித்துவிட்டு நாம் சற்று நேரம் மடலை மடிக்காமலே வைத்திருந்தோம். திருமண வீட்டில் அந்தப் பழைய மாணவர் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. அன்று நாம் படிக்கத் தவறிய வரி, இன்று வேறொரு பிள்ளையின் படத்தில் நம் கண்ணில் படும்படி செய்த அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். இதில் நம் கூர்மை என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. ஒரு படத்தைச் சில நாட்கள் பொறுமையாகப் பார்த்தோம், அவ்வளவே. பார்த்திருந்தால் அன்றைய வெண்பாவிலும் நமக்கு அது தெரிந்திருக்கும்.

விடுமுறை முடிந்து புறப்படுவதற்கு முன்னர் அவர் இரண்டாவது படம் ஒன்றை எடுத்து அனுப்பினார். மஃரிபுக்குப் பின் எடுத்தது. வண்ணத்திலேயே இருக்கிறது. வானத்தில் நீலம் தங்கியிருக்கிறது. இடப்புறம் பாதி திறந்த கதவும், படியில் வழிந்து தரையில் படியும் மஞ்சள் ஒளியும் இருக்கின்றன. தாயாரைப் படத்தில் கொண்டுவரவில்லை. கொண்டுவராததாலேயே அவர் அங்கே இருப்பது தெரிகிறது. படத்துக்கு இம்முறை தலைப்பு வைக்கவில்லை. அதுவும் நன்று.

குறையில்லாத படம் என்று கூறமாட்டோம். கருவி சற்று அசைந்திருக்கிறது. வலப்பக்கச் சுவர் சாய்ந்து நிற்கிறது. கதவின் மேல்விளிம்பு வெட்டுப்பட்டுவிட்டது. இவற்றையும், இவற்றைத் தவிர்க்கும் வழியையும் அவருக்கு எழுதியிருக்கிறோம். அவர் அயல்நாட்டில் இருந்துகொண்டே அடுத்த விடுமுறைக்குக் குறிப்பெழுதி வருவதாகத் தெரிவித்திருக்கிறார்.

வாசகப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. உங்கள் மகனோ மகளோ ஒரு படத்தையோ, பாட்டையோ, ஒரு பக்க எழுத்தையோ கொண்டுவந்து நீட்டினால், கையிலிருக்கும் வேலையைச் சற்றே நிறுத்துங்கள். 'அருமை' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். 'இது என்ன?' என்று முகம் சுளிக்காதீர்கள். அதைக் கையில் வாங்கி, ஓரங்கள் உட்பட, முழுவதும் பாருங்கள். பின்னர், உங்கள் கண் எங்கே நின்றது என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த ஓர் இடத்தை அறிந்துகொண்டால், மறுமுறை எங்கே நிற்பது என்று அப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.